யார் பிரேக் போட்டது?

போன வாரம் மெயின் பஜார் பக்கம் போனபோது நம் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் என்னைக் கடந்து போனது. இடது பக்க இருக்கையில், அங்கே இப்போது கற்றுக்கொடுக்கும் உங்களில் ஒருவர். உதட்டில் ஒட்டவைத்த சிரிப்பு. ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஏதோ விமானம் ஓட்டுவதுபோல் பெருமையாக உட்கார்ந்திருந்தார். கார் ஒரு சைக்கிள்காரருக்காக நின்றபோது பிரேக்கை அமுக்கியது யாருடைய கால் என்று ரோட்டோரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்த்தான் நான் வேலையை விட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு முழங்கால் ஏன் தேயும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். கொஞ்ச நாளில் உங்களுக்கே புரியும். கற்றுக்கொள்பவர் வலது பக்கம். நாம் இடது பக்கம். நமக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். நாள் முழுக்க அந்த இரண்டின் மேலும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஓனர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். அவர் நெய்வேலிப் பக்கத்து ஆள். "வாயி சிரிச்சிகினு இருக்கணும்மா, காலு வேல செஞ்சிகினு இருக்கணும். உன் காலு வேல செய்றது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பயந்துடுவாங்க. பயந்தா நாளைக்கு வூட்ட வுட்டே வர மாட்டாங்க" என்பார். வண்டி நின்றால் "சூப்பரா நிறுத்துனீங்க" என்று நாமே கை தட்ட வேண்டும். இதைப் பித்தலாட்டம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சைக்கிள் பழகும் குழந்தையின் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடுகிறோம், பிடித்திருக்கிறோம் என்று அதனிடம் சொல்லிக்கொண்டா ஓடுகிறோம்? நிலக்கரிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எத்தனையோ பேர் என் காலின் தயவில்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டார்கள். பிறகு தாங்களாகவே ஓட்டினார்கள்.

இன்னொரு பாடம், மைன்ஸில் ஷிப்ட் விடும் நேரத்தில் எல் போர்டு வண்டியை எடுக்கவே கூடாது என்பது. அந்த அரை மணி நேரம் நெய்வேலி ரோடு நெய்வேலி ரோடாக இருக்காது. சங்கு ஊதியதும் எங்கிருந்துதான் வருமோ அத்தனை பைக்கும்.

இந்த இரண்டு பாடத்தையும் ஒரே நாளில் ஒதுக்கி வைக்கும்படி ஆனது. ஒதுக்கி வைக்கச் சொன்னவள் பவித்ரா.

அவளை அவளுடைய அப்பாதான் அழைத்து வந்தார். மைன்ஸில் பர்மனென்ட், ஓய்வு பெற இன்னும் சில மாதம் இருந்தது. சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டுவிட்டதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மகளுக்கு முப்பதை நெருங்கும் வயது. டவுன்ஷிப்புக்குள் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீசியன்.

"பொண்ணு கொஞ்சம் ஸ்லோங்க மேடம். பொறுமையா சொல்லிக் குடுத்தீங்கன்னா புடிச்சுக்கும்" என்றார் அப்பா.

"ஸ்லோ இல்லப்பா. ஆட்டிசம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழையைத் திருத்துபவள்போலச் சொன்னாள். பிறகு என் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி எனக்கான நிபந்தனைகளைச் சொன்னாள். "ஒரு நேரத்துல ஒரு விஷயம்தான் சொல்லணும் மேடம். 'அப்படி', 'இப்படி', 'அங்க'ன்னு சொல்லக் கூடாது. லெப்ட், ரைட் சொல்லுங்க. திடீர்னு தொடக் கூடாது. நான் பதில் சொல்ல லேட்டானா கேக்கலன்னு அர்த்தம் இல்ல. பவின்னு கூப்பிடாதீங்க."

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பேச்சை நிறுத்தினால் மூச்சு முட்டும். ஸ்டீயரிங் லேசாகக் கோணினாலே ஓட்டுபவர் தோளில் பட்டென்று ஒரு தட்டு விழும். வாயையும் கையையும் கட்டிப்போட்டுவிட்டு என்னத்தைக் கற்றுக்கொடுப்பது? ஆனாலும் முதல் நாளே இவ்வளவு தெளிவாகத் தனக்கு வேண்டியதைச் சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி என்றேன்.

அவள் ஏன் வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை தினமும் அப்பாதான் ஸ்கூட்டரில் லேபுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். இனி ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பண்ருட்டி போகும் ரோட்டில் ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி வீடு கட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்து லேபுக்கு வர வேண்டும். பஸ்ஸை முயன்று பார்த்தாள். ஏர் ஹாரனும், மேலே வந்து இடிக்கும் உடம்புகளும் தாங்காமல் பாதி வழியில் இறங்கி, ஒரு பாலத்துக் கட்டையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ வைத்துப் பார்த்தார்கள். பாட்டுச் சத்தம் தலையைப் பிளந்தது, நிறுத்தச் சொன்னால் ஆட்டோக்காரர் முறைத்தார். ஓசூரிலிருந்து அண்ணன் போனில் சொன்னான், "வேலைய விட்டுட்டு எங்ககூட வந்து இருந்துடு. உனக்கெதுக்கு இந்தக் கஷ்டம்?"

"அண்ணன் வீட்ல எனக்கு ஒரு கட்டில் இருக்கும், டிவி இருக்கும். இங்க எனக்கு மைக்ராஸ்கோப் இருக்கு" என்றாள் என்னிடம்.

கார் ஓட்டலாமா என்று புதுச்சேரியில் அவளைப் பார்த்த டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, கற்றுப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றாராம். அப்பா ஓட்டு என்றார், அண்ணன் வேண்டாம் என்றான். அவளுக்கு இரண்டுமே பதிலாகத் தெரியவில்லை.

டவுன்ஷிப்புக்குள் அவள் ஓட்டியதைப் பார்த்தால் நீங்கள் வாயடைத்துப் போவீர்கள். நேரான ரோடுகள், இரண்டு பக்கமும் மரங்கள், பிளாக்குக்கு பிளாக் ஒரே மாதிரி திருப்பங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றுகிறவருக்குத்தான் வழி என்பது விதி. நெய்வேலியில் அந்த விதியை மதித்த ஒரே ஜீவன் பவித்ராதான். நிற்பாள். பின்னாலிருந்து ஹாரன் அலறும்.

"விதிப்படி நான் நிக்கணும்தானே மேடம்?"

"ஆமா."

"அப்ப அவர் எதுக்கு ஹாரன் அடிக்கிறாரு?"

"கை சும்மா இருக்காதும்மா அவங்களுக்கு."

அதை அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது பதில் இல்ல" என்றாள்.

ஒருநாள் அப்பாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பஜார் வந்ததும் அவர் கால் என் சீட்டின் முதுகை உந்தியது. எதிரே ஒரு மாடு வந்ததும் இன்னொரு உந்து. "அப்பா, நீங்க எதையோ அமுக்குறீங்க" என்றாள் பவித்ரா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பயமா இருக்கும்மா, கால் தானா போவுது" என்றார் அவர். அடுத்த நாளிலிருந்து அவரை ஏற்றவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. காலை நேரம். ஒரு பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் சைக்கிள் ஒன்று சட்டென்று குறுக்கே வந்தது. கார் நின்றது. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். வழக்கம்போல் "சூப்பரா நிறுத்துன" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இப்ப யார் பிரேக் போட்டது?" என்றாள் பவித்ரா.

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவரவருக்கு அவரவர் நிறுத்தியதாகத்தான் நினைப்பு. நீதாம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாள், தகவலாக எடுத்துக்கொள்வாள் என்று அந்த நொடியில் எனக்கு உறைத்தது. பொய்த் தகவலைக் கையில் கொடுத்து இவளை நெடுஞ்சாலைக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

"ரெண்டு பேரும்" என்றேன்.

"யார் மொதல்ல?"

"...நான்."

அவள் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, வண்டியை அணைத்தாள். சீட் பெல்ட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இதுக்கு முன்னாடி எத்தன தடவ?"

"எண்ணுனதில்லம்மா. அது பழக்கம். எல்லாருக்கும் செய்யறதுதான்."

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியாது" என்றாள். குரல் உயரவே இல்லை. "ரெண்டு பேரோட ரத்தத்த ஒரே டியூப்ல ஊத்தி டெஸ்ட் பண்ண முடியாது மேடம். நான் முடிவு எடுக்கணும். ஓட்ட வேணாம்னு வந்தாலும் பரவால்ல. ஆனா அது என்னோட ரிசல்ட்டா இருக்கணும்."

அவள் கேட்டது ஒரே ஒரு ஓட்டம். புது வீட்டிலிருந்து லேப் வரைக்கும். மதிய டூட்டிக்குப் போகிற நேரத்தில், அதாவது மைன்ஸில் ஷிப்ட் விடுகிற அதே நேரத்தில். என் கால் இல்லாமல்.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு என்னா புத்தி பெசகிப்போச்சா? லைசென்ஸ் எடுத்துக் குடுத்து அனுப்பும்மா. அப்பறம் ஓட்றதும் ஓட்டாததும் அவங்க இஷ்டம். நீ ஏன் இதெல்லாம் இழுத்துப் போட்டுகினு கெடக்கற?"

"அந்தப் பொண்ணு லைசென்ஸ் கேக்கலீங்க. ஓட்டலாமா வேணாமான்னு கேக்குது."

"அத நம்ம எப்டிம்மா சொல்றது? டாக்டரே சொல்லல."

"நம்ம ஒண்ணும் சொல்ல வேணாங்க. நம்ம கால எடுத்துட்டா அதுவே தெரிஞ்சுக்கும்."

நீண்ட நேரம் முனகினார். கடைசியில், கால் பெடல் பக்கத்திலேயே தரையில் இருக்க வேண்டும், ஆபத்தென்றால் யோசிக்காமல் அமுக்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். "வண்டில ஒரு கீறல் வுழுந்தாலும் உன்ன அங்கியே எறக்கி வுட்டுட்டு வண்டிய மட்டும் இட்டாந்துடுவேன்" என்றார்.

பவித்ரா அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவள் பங்குக்கு இரண்டு சொன்னாள். ஒன்று, செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட வேண்டும். செருப்புக் காலுக்குத் தான் அமுக்குவதே தெரியாது, வெறுங்காலில் இரும்பு பட்டால் தெரியும் என்றாள். இரண்டு, நான் எப்போது அமுக்கினாலும் அந்த நிமிடமே "நான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம். புது வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டதை மூன்று தடவை பார்த்தேன். கார் ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டாள் பவித்ரா. அந்த ஏசியில் காற்றைவிடச் சத்தம்தான் அதிகமாக வரும், அதையும் அணைத்துவிட்டாள். நான் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டியது. டிரெய்லர் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு போனது. அவள் முந்தவில்லை. இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். அந்த இடைவெளியில் ஒரு பைக் புகுந்தது. மறுபடி இடைவெளி விட்டாள். அதில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்தது. இன்னும் பின்வாங்கினாள். இந்தக் கணக்கில் போனால் பண்ருட்டிக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று தோன்றியது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் முட்டுகிற மாதிரி ஒட்டி வந்து ஹாரன் அடித்தது. என் வலது கால் தானாகத் தரையிலிருந்து எழும்பியது. கட்டைவிரலில் இரும்பு பட்டது. சுளீரென்று இழுத்துக்கொண்டேன்.

"தொட்டீங்க" என்றாள்.

"தொட்டேன். அமுக்கல."

"சரி."

லாரி எங்களை முந்திக்கொண்டு, காதோரத்தில் ஏர் ஹாரனை ஒரு இழு இழுத்துவிட்டுப் போனது. அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. அடுத்த நொடி இடது இண்டிகேட்டர் போட்டு, ஒரு முந்திரி வேலியோரம் ஒதுக்கி நிறுத்தினாள். கண்ணை மூடி மெல்லிய குரலில் ஏதோ ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேசாமல் இருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பேசவில்லை. கண்ணைத் திறந்து, கண்ணாடியில் பார்த்து, வண்டியை எடுத்தாள்.

அதுவரை ஒரு "நான்" கூட இல்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஆர்ச் கேட் கண்ணில் பட்டது.

டவுன்ஷிப்புக்குள் நுழைய அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு நடு ரோட்டில் கொஞ்சம் நின்று, எதிரே வருவது குறைந்ததும் போக வேண்டும். அவள் சரியான இடத்தில், சரியான இண்டிகேட்டரோடு போய் நின்றாள். எதிரே வருவது குறையவே இல்லை. ஷிப்ட் விட்டிருந்தார்கள். ஆர்ச்சுக்கு அடியிலிருந்து பைக்குகள் கொட்டின. வலது பக்கம், இடது பக்கம், எங்கள் முன் பம்பரை உரசிக்கொண்டு. கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிய பஸ் ஒன்று வெளியே வந்து எங்களுக்கு நேர் எதிரே மூக்கை நீட்டி நின்றுவிட்டது. நாங்கள் நகர்ந்தால்தான் அது திரும்ப முடியும். அது மேலே முண்டாமல் அங்கேயே நின்றால்தான் நாங்கள் நகர முடியும். டிரைவர் லைட்டை அடித்தார். ஹாரனை அடித்தார். கையை வெளியே நீட்டி ஆட்டினார். வா என்கிறாரா, நில் என்கிறாரா என்று எனக்கே விளங்கவில்லை. பின்னால் ஒரு வேனும் கத்த ஆரம்பித்தது.

"வண்டிய எடும்மா! நடு ரோட்ல நிறுத்திகினு என்னா வேடிக்க பாக்கற?" என்று ஒருவன் பானெட்டில் ஓங்கி அடித்துவிட்டுப் போனான்.

பவித்ராவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து காதைப் பொத்திக்கொண்டன.

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். உங்கள் கால் என்ன செய்யும்? என் கால் இரண்டும் துடித்தன. ஆனால் கீழே பார்த்தேன். அவள் கால் பிரேக்கின் மேல் கல்போல் இருந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. என் பெடலால் அங்கே ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. வேண்டியது வழி. குறுக்கே கையை நீட்டி ஸ்டீயரிங்கை வாங்கலாம் என்றால் அவளைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் தொட்டால் அந்தக் கால் பிரேக்கிலிருந்து எடுபட்டு எங்கே போகும் என்று தெரியாது. கத்தலாம் என்றால் அங்கே கத்தலுக்குப் பஞ்சமே இல்லை. நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

"வண்டி நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றேன், ஒவ்வொரு சொல்லாக. பிறகு கொஞ்சம் விட்டு, "ஹேண்ட் பிரேக் போடு."

பதில் இல்லை. லேட்டானால் கேட்கவில்லை என்று அர்த்தம் இல்லை என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புப்போல் ஒன்றை நான் மகப்பேறு வார்டில்கூட அனுபவித்ததில்லை. அவளுடைய இடது கை காதிலிருந்து இறங்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி காதுக்குப் போனது.

"நான் இறங்கிப் போய் பஸ்ஸ நிறுத்தி வைக்கிறேன். நீ ரெடியானதும் ரைட்ல திரும்பி உள்ள போ. அவசரம் இல்ல."

கதவைத் திறந்து இறங்கினேன். செருப்பு பின் சீட்டில் கிடந்தது. தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதித்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"என்னா ஆயா, போலீஸ் வேல பாக்கறியா?" என்று ஒரு பைக் சிரித்தது. எனக்கு அப்போது தலைகூட முழுசாக நரைக்கவில்லை.

"ஆயாதான்டா. நில்லு!" என்று நான் போட்ட சத்தம் மந்தாரக்குப்பம் வரை கேட்டிருக்கும். பைக் நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன. பஸ் டிரைவர் எட்டி எல் போர்டைப் பார்த்தார், காதைப் பொத்தியிருந்தவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, ஹாரனிலிருந்து கையை எடுத்து என்ஜினையே அணைத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டபோது, "செத்த இருங்கய்யா" என்று அதட்டினார். நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் கைகள் இறங்கின. ஹேண்ட் பிரேக் இறங்கியது. கார் நகர்ந்து, வலது பக்கம் திரும்பி, ஆர்ச்சுக்குள் போய், ஒரு மரத்தடியில் இடது இண்டிகேட்டர் போட்டு நின்றது.

நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். கதவைத் திறந்து பொத்தென்று விழுந்தேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "பாத்தியா பவித்ரா! முழுசா நீயே ஓட்டிட்ட! நான் ஒரு தடவகூட 'நான்'னு சொல்லல பாத்தியா!"

அவள் என் காலைப் பார்த்தாள். "கால் சுட்டுடுச்சா மேடம்?"

"அது கெடக்கட்டும்."

தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் காலில் ஊற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள், "நீங்க இறங்கி பஸ்ஸ நிறுத்துனதும் 'நான்'தான் மேடம். நீங்க சொல்லல, அவ்வளவுதான். தெனமும் ஆர்ச் கேட்ல நீங்க வந்து நிக்க முடியாது."

ஓனர் என்னைக் காய்ச்சி எடுத்தார். எல் போர்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டு இறங்கினது தப்புத்தான் என்று நீங்களும் சொல்வீர்கள். சொல்லுங்கள். அதே இடத்தில் மறுபடி நின்றாலும் நான் இறங்குவேன், செருப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்வேன்.

அவள் உடனே முடிவு சொல்லவில்லை. சில நாள் வகுப்புக்கு வரவே இல்லை. அண்ணன் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தேன். அந்த நாட்களில் இன்னொருத்தி வண்டியில் ஏறி, வண்டி நிற்கும்போதெல்லாம் "சூப்பர்" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்தாள். உட்காரவில்லை. காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓட்டுவேன். காலை டூட்டிக்கு மட்டும். ஷிப்ட் விடுற நேரத்துல ஓட்ட மாட்டேன். டூட்டி முடிஞ்சாலும் ரோடு காலியாகுற வரைக்கும் லேப்ல ஸ்லைடு கழுவிட்டு இருப்பேன். ராத்திரி தூங்கலன்னா அன்னைக்கு ஓட்ட மாட்டேன், மழையில ஓட்ட மாட்டேன். அதுக்கு ஒரு ஆட்டோக்காரர் கெடைச்சாரு. பாட்டு போட மாட்டாரு."

"மதிய டூட்டி?"

"லேப் இன்சார்ஜ்கிட்ட வேணாம்னு கேட்டேன். ஏன்னு கேட்டாரு. ஆட்டிசம்னு சொன்னேன். இத்தன வருஷமா அங்க யார்கிட்டயும் சொன்னதில்ல." பையின் வாரை விரலால் தேய்த்தாள். "சொல்றது ஆர்ச் கேட்ட விடக் கஷ்டமா இருந்துச்சு மேடம்."

"என்ன சொன்னாரு?"

"டூட்டி சார்ட்ட எடுத்துப் பாத்தாரு. அப்பறம், ஞாயித்துக்கிழமை காலை டூட்டிய ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க, நீ எடுத்துக்குவியான்னாரு. எடுத்துக்குவேன்னு சொன்னேன்."

அண்ணனுக்கு இது அரைகுறை முடிவாகத் தெரிந்ததாம். ஓட்டத் தெரிந்தால் எப்போதும் ஓட்ட வேண்டியதுதானே, தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே என்றானாம். நாம் மட்டும் என்ன யோக்கியம்? தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறோம், காய்ச்சலில் ஓட்டுகிறோம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு அந்த வேகத்தில் ஓட்டுகிறோம். எந்த நாளில் ஓட்டக் கூடாது என்று யோசித்து முடிவெடுத்த ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன் என்றால் அது அவள்தான்.

அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன். பயந்தவரிடம் சிரியுங்கள், உங்கள் கால் வேலை செய்யட்டும். ஓனர் சொன்னது சரிதான். ஆனால் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு யார் பிரேக் போட்டது என்று கேட்டால், அவர் பாராட்டுக்காகக் கேட்கவில்லை. அந்தப் பதிலை வைத்து அவர் ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஒரு உயிரையும் காப்பாற்றலாம். அப்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கொஞ்ச நாள் முன்பு பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காலை நேரம். பஸ் ஊர்ந்தது. டிரைவர் ஹாரன் மேலேயே கையை வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு காலி டிராக்டர். அதற்குப் பின்னால், தாராளமாக இடைவெளி விட்டு, கண்ணாடிகளை ஏற்றிய ஒரு பழைய சிவப்புக் கார். பஸ் அதை முந்திக்கொண்டு போனபோது ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். பவித்ரா என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்க இருக்கையில் கறுப்புக் கண்ணாடியும் சீட் பெல்ட்டுமாக அவளுடைய அப்பா. பயம் போகவில்லை என்பது சீட் பெல்ட்டை அவர் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. ஆனால் செருப்பைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு காலையும் மடக்கி, இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.